ஒரே தூரம், இரண்டு நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக விமானத்தில் சுமார் 10 மணி நேரம் ஆகும். திரும்பி வர பதினொன்றரை, சில நாள் 12 மணி நேரம்கூட ஆகும். தூரம் என்னவோ ஒன்றுதான், ஏறக்குறைய 8,800 கிலோமீட்டர். இந்த வித்தியாசம் பல வருஷமாக என்னை விடாத விஷயம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரில் மாட்டும் உலகப் படத்தை மறந்துவிடுங்கள். பிள்ளைகள் படிக்கும் பூகோள உருண்டை இருந்தால் எடுங்கள், கூடவே கொஞ்சம் நூல். ஒரு நுனியை டோக்கியோ மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை லாஸ் ஏஞ்சலஸ் வரை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் நூல் நேர் கிழக்கே கிடக்கும் என்று தோன்றும். கிடக்காது. இறுக்க இறுக்க வடக்கே நழுவி, அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே வளைந்து நிற்கும். அதுதான் குறுக்கு வழி. அட்சரேகையை ஒட்டியே பறந்தால் சுமார் 500 கிலோமீட்டர் கூடுதல்.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் அதன் வேகத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1920களில் டடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கிக் கருவியில் கண் வைத்து, அவை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று குறித்துக்கொண்டே இருந்தார். குளிர்காலத்தில் மேலே போன பலூன்கள் கிழக்கே பாய்ந்தன. 1926இல் அதை அறிக்கையாக வெளியிட்டார், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற ஆசை. வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அதே காற்றில் திணறினார்கள். எழுதி வைத்திருந்தாரே, படித்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிக் கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது. 8,000 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் விமானம், 100 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். போக 8 மணி, வர 10 மணி. காற்றே இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு 8 மணி 53 நிமிஷம். ஆக, மிச்சம் 53 நிமிஷம், இழப்பு 67 நிமிஷம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால், அந்தக் காற்றோடு போராடும் நேரமும் நீள்கிறது. அதனால்தான் கிழக்கே போகும் விமானம் நூல் காட்டிய வழியை விட்டு விலகியாவது காற்றைத் தேடிப் போகிறது. மேற்கே வருவது காற்றுக்கு ஒதுங்கிப் போகிறது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் மிச்சம். அப்புறம் ஒன்று, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் விமானம் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் சேர்த்தி. தாண்டினால் தேதி மாறும் பன்னாட்டுத் தேதிக் கோடு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், இதோடு நிறுத்துகிறேன்: டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறுகிறவர் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும்போது அங்கே அதே நாள் காலை.

நன்றி, வணக்கம்.