ஒரு ஃபங்ஷனுக்காக சர்வர் முழுவதையும் மாற்றாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பற்றி. டேட்டாபேஸுக்குள் எழுதிவைத்த ஃபங்ஷனோ ப்ரொசீஜரோ மெதுவாக ஓடினால், நம்மில் பலர் முதலில் திறப்பது கான்ஃபிக் ஃபைலைத்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதக் கடைசிக் கணக்கை முடிக்கும் ஃபங்ஷன் ஒன்று நாற்பது நிமிடம் இழுத்தது. வொர்க் மெம், அதாவது க்வெரி டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே வேலை பார்ப்பதற்கான வரம்பு, டிஃபால்ட்டாக 4 எம்பிதான். அதை 512 என்று மாற்றி ரீலோடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு வேலை சட்டென்று முடிந்தது. ஆனால் காலையில் எல்லோரும் உள்ளே வந்ததும் 32 ஜிபி ராமும் தீர்ந்து, லினக்ஸ் ஒரு போஸ்ட்கிரஸ் ப்ராசஸை கில் செய்துவிட்டது. அத்தனை கனெக்‌ஷனும் அறுந்தது.

வொர்க் மெம் என்பது சர்வருக்கு மொத்தமாகவோ, கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்றோ வைக்கும் அளவு அல்ல. ஒரு க்வெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டும், அதாவது வரிசைப்படுத்தலும், தனித்தனியாக அந்த அளவு வரை எடுக்கலாம். நாலு சார்ட் உள்ள ரிப்போர்ட்டை இருபது பேர் ஒரே நேரத்தில் திறந்தால்? 512 எம்பி எண்பது தடவை, அதாவது 40 ஜிபி.

சரி, முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். க்வெரி எப்படி ஓடும் என்று காட்டுவது எக்ஸ்பிளைன்; ஃபங்ஷனைக் கூப்பிடும் செலக்டுக்கு அதைப் போட்டால் பெரும்பாலும் ‘ரிசல்ட்’ என்ற ஒரு நோடுதான் வரும், உள்ளே ஓடும் க்வெரி தெரியாது. உங்கள் செஷனில், ஓடும் க்வெரிகளின் எக்ஸ்பிளைனைத் தானாக லாகில் எழுதும் ஆட்டோ எக்ஸ்பிளைன் மாட்யூலை லோடு செய்து, லாக் மின் டியூரேஷனை 0 ஆக்கி, லாக் அனலைஸ், லாக் நெஸ்டட் ஸ்டேட்மென்ட்ஸ் இரண்டையும் ஆன் செய்யுங்கள். லாகில் ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ் டிஸ்க்’ என்று இருந்தால், சார்ட் மெமரியில் அடங்காமல் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. எனக்கு அப்படி ஒரே ஒரு வரிதான் இருந்தது!

அப்புறம் ஆல்டர் ஃபங்ஷன், ஃபங்ஷன் பெயர், செட் வொர்க் மெம் 512 எம்பி. அவ்வளவுதான். அந்த ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் 512, முடிந்ததும் பழைய 4.

ப்ரொசீஜர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2018-இல் வந்த 11-ஆம் வெர்ஷனிலிருந்து ப்ரொசீஜருக்குள்ளேயே கமிட் போடலாம். ஆனால் இப்படி செட்டிங்கை அதோடு ஒட்டிவைத்தால் அந்தக் கமிட் எரர் அடிக்கும். அங்கே, கால் செய்யும் ஸ்கிரிப்ட்டில் முந்தைய வரியில் செட், அடுத்த வரியில் ரீசெட் என்று எழுதிவிடுங்கள்.