வேட்டைக்குச் சான்றிதழ், வீதிக்கு வேண்டாமா?

நடுவர் அவர்களே, டெக்சாஸ் வாழ் தமிழ் உறவுகளே, வணக்கம். துப்பாக்கி வைத்திருப்போருக்குப் பயிற்சி கட்டாயமா, அவரவர் விருப்பமா என்பது இன்றைய வழக்கு. கட்டாயமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "உரிமைக்குத் தேர்வு வைப்பீர்களா?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கேள்விக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் ஒரு பொங்கல் விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தாம் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியை எங்களுக்குக் காட்ட எடுத்து வந்தார். "பயப்படாதீர்கள், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். சோபாவில் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளையும் அந்தக் குழல் ஒரு முறை கடந்து போனது. அவருடைய விரல் விசையின் மேல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மூவரில் ஒருத்தி என் மகள்.

மேகசினைக் கழற்றுவதால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. குழலின் பின்முனையில் உள்ள சேம்பர் என்ற அறைக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். பல கைத்துப்பாக்கிகள் மேகசின் இல்லாமலே அதைச் சுட்டுவிடும். துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது; அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே; குறி பார்க்கும்வரை விசையைத் தொடாதே; குறிக்குப் பின்னால் இருப்பது எது என்று அறிந்துகொள். எந்த வகுப்பிலும் முதல் பாடம் இதுதான். என் நண்பர் அந்த ஒரு நிமிடத்தில் முதல் மூன்று விதிகளையும் மீறினார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கடையில் அவர் நிரப்பிய படிவம் குற்றப் பின்னணியைக் கேட்டது. துப்பாக்கியைக் கையாளத் தெரியுமா என்று கேட்கவில்லை.

முன்பு இந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போக வேண்டுமானால் உரிமம் வேண்டும். அதற்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பு உண்டு. அதில் சட்டமும், ஆயுதத்தைப் பூட்டி வைக்கும் முறையும், சண்டையைக் கைகலப்பில்லாமல் தீர்க்கும் வழியும் பாடங்கள். பிறகு 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டாக்கள் சுட்டுத் தேற வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவருக்கு இந்த உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. வகுப்பு இன்றும் இருக்கிறது, விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

இதே மாநிலத்தின் வேட்டைச் சட்டத்தைப் பாருங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் மான் வேட்டைக்குப் போக வேண்டுமானால் வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆளரவம் இல்லாத காட்டுக்குள் போக ஒரு சான்றிதழ்; நம் குழந்தைகள் நடமாடும் கடைவீதிக்குப் போக ஒன்றும் வேண்டாம்! நடுவர் அவர்களே, இது எந்த நியாயத்தில் சேர்த்தி? நம் ஊர்ச் சிலம்ப ஆசான் வெறும் மூங்கில் கம்பைக்கூட எடுத்தவுடன் சுழற்ற விடுவதில்லை. முதலில் காலடி வரிசை, அதன் பிறகுதான் கம்பு.

இப்போது உரிமைக்கு வருகிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் ஏற்கப்பட்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம், "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட" குடிப்படை, அதாவது குடிமக்களே திரண்டு நிற்கும் படை, என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. 1792ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம், சொந்தத் துப்பாக்கியோடு பயிற்சிக்கு வந்து நிற்கச் சொன்னது. நியூயார்க்கின் துப்பாக்கி உரிமச் சட்டத்தை 2022இல் செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம்கூட, பாதுகாப்பு வகுப்பு கேட்கும் மற்ற மாநிலங்களின் உரிம முறைகளைத் தன் தீர்ப்பு கேள்விக்குள்ளாக்கவில்லை என்று அடிக்குறிப்பில் எழுதியது.

தோழியின் இன்னொரு வாதம் என் நெஞ்சைத் தொட்டது. மிரட்டும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி வாழும் பெண் வகுப்புக்காகக் காத்திருப்பாளா, அதற்குப் பணம் கட்டுவாளா என்று கேட்டார். அவளைக் காக்க வைக்க நான் கேட்கவில்லை. துப்பாக்கியை இன்றே வாங்கட்டும். வகுப்பை முடிக்கத் தவணை கொடுங்கள், கட்டணத்தை அரசே ஏற்கட்டும். அவளுக்குத்தான் பயிற்சி எல்லோரையும்விட அவசரம். கைகலப்பில் அந்தத் துப்பாக்கி அவள் கையிலிருந்து அவன் கைக்குப் போய்விடக் கூடாது.

பயிற்சி எல்லாச் சாவையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டின் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். குறி பார்க்கக் கற்பது அதற்கு மருந்தாகாது. ஆனால் பூட்டி வைக்கக் கற்பது, வீட்டில் மனம் உடைந்து நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த ஆயுதத்துக்கும் நடுவே ஒரு பூட்டை வைக்கும்.

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிடம். அந்தப் பொங்கலுக்கு அடுத்த மாதம் நண்பரை நான்தான் வகுப்புக்கு அழைத்துப் போனேன். திரும்பும் வழியில் காரை ஒரு கடை முன் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஒரு இரும்புப் பெட்டி வாங்கி வந்தார். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். அதுவரை அந்தத் துப்பாக்கி அவருடைய படுக்கையறை மேசை இழுப்பறையில் பூட்டில்லாமல் கிடந்ததாம். நன்றி, வணக்கம்.