குழாயைக் கழற்றியது யார்?

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைத் தாண்டி நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

'பெங்களூரைக் காப்பது சட்டமா, இளைஞர்களா?' என்பது தலைப்பு. இளைஞர் அணியில் நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு என்ன வேலை என்று எதிரணி கேட்டது. வீட்டில் தினமும் இளைஞர்களிடம் திட்டு வாங்குகிறவன் நான். வேறென்ன தகுதி வேண்டும்?

எதிரணித் தலைவர் ஐயா சொன்னார்: "2024 கோடையில் ஊரெல்லாம் போர்வெல் வற்றியது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். மறுநாளே ஹோஸ் பைப்பைச் சுருட்டிவிட்டான்." சுருட்டினான் ஐயா, வாசலில். அடுக்களைக்குள் எந்த அதிகாரி வந்தார்?

அதே கோடையில், குழாய் நுனியில் தண்ணீரைச் சிக்கனமாக விடும் ஏரேட்டர் மாட்டவேண்டும் என்று ஹோட்டல், அலுவலகங்களுக்கெல்லாம் உத்தரவு வந்தது. எங்களுடையது தனி வீடு, யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பத்தாவது படிக்கும் என் மகள் அதைப் பிரித்துப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு சிங்க் முன்னால் நிற்கிறாள். குழாய் நுனியில் போர்வெல் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகிக் கிடந்தது. பழைய துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். வாஷர் வைத்து ஏரேட்டரைப் பூட்டித் திறந்தால், தண்ணீர் காற்றோடு கலந்து நுரை மாதிரி விழுந்தது. "இதில் ரசச் சட்டியை எப்படிடி கழுவுவது?" என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. அப்புறம் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீருக்கும் ஒரு வாளி வந்தது. வீடு துடைப்பது இப்போது அதில்தான். காவிரி நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, பம்ப் போட்டு மேடேற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்பேனரை எடுத்தது அவள்.

குப்பைக்கு வருவோம். ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2015 டிசம்பரில். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்கா இன்னமும் வெறும் கையால்தான் கிளறிப் பிரிக்கிறார். நம் தமிழ்தான் பேசுவார். உடைந்த டம்ளரைத் தாளில் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்சில் 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுக்கும் வீடு ஒன்றிரண்டு உண்டாம். "எழுத்தைப் பார்த்தாலே தெரியும் சார், எல்லாம் பிள்ளைங்க எழுத்து" என்கிறார்.

சரி, வீட்டுக் கதை போதும். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம் கட்ட அரசே முடிவு செய்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்கள் போயிருக்கும். 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சாலை நெடுக ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். 'பேடா' என்ற ஒரே கன்னடச் சொல், வேண்டாம். தாத்தாக்களும் நின்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் செய்தியை செல்போனில் ஊர் முழுக்கக் கொண்டுபோனதில் பெரும்பங்கு யாருடையது? அடுத்த மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பாலத்துக்கு டெண்டரே விட்டிருந்தார்கள் ஐயா. சட்டம் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றது?

நீதிமன்றம் தடுக்கவில்லையா என்பீர்கள். தடுத்திருக்கிறது. மும்பையில் ஆரே என்ற மரங்கள் அடர்ந்த பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக ராத்திரியோடு ராத்திரியாக மரம் வெட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபர் 7 அன்று விடுமுறையிலும் கூடி நிறுத்தியது. நீதிமன்றத்தை அப்படிக் கூடவைத்தது ஒரு சட்டக் கல்லூரி மாணவர் எழுதிய கடிதம். அதற்குள் இரண்டாயிரம் மரங்களுக்கு மேல் விழுந்துவிட்டன, அது வேறு வயிற்றெரிச்சல்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். மேடையில் எங்கள் எல்லோருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் வந்து அதை எடுத்துவிட்டு, எவர்சில்வர் சொம்பும் டம்ளரும் வைத்தார்கள். எதிரணித் தலைவர் இதுவரை மூன்று டம்ளர் குடித்துவிட்டார். எந்தச் சட்டப்பிரிவின்படி என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் ஐயா.