மிஹாய்லோவ் முதல் ஸ்டொய்ச்கோவ் வரை: பதினொரு பேரும் பங்காளிகளா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். மத்த கேள்விகளை அனுப்பினவங்க பொறுத்துக்கணும். இதை வாசிச்சதுல இருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்படியே படிக்கறேன்.

"ஐயா, 1994 ஃபுட்பால் உலகக் கோப்பை பத்தி நீங்க பேசினதைக் கேட்டேன். ஜெர்மனியை ஜெயிச்ச பல்கேரியா அணியில பதினொரு பேரும் 'ஓவ்', 'எவ்'னுதான் முடியறாங்க. இவங்கள்லாம் ஒரே குடும்பமா, பங்காளிகளா? அந்த டீமோட கோச் டிமிடார். அப்புறம் வந்த ஃபுட்பால்காரர் பெர்படோவும் டிமிடார். டென்னிஸ்ல பாத்தா ஒரு டிமிட்ரோவ். அது என்ன பேரு, எங்க பாத்தாலும் இருக்கு?"

முதல்ல, தம்பி எண்ணிப் பாத்தது சரி. மிஹாய்லோவ், கிர்யாகோவ், இவானோவ், ஹுப்செவ், ஸ்வெதானோவ், யாங்கோவ், லெச்கோவ், பலகோவ், சிரகோவ், கொஸ்தாதினோவ், ஸ்டொய்ச்கோவ். பதினொண்ணு. ஒருத்தர்கூட தப்பலை. ஆனா பங்காளிங்க இல்லை. அந்த 'ஓவ்' குடும்பப் பேரும் இல்லை, சாதிப் பேரும் இல்லை. அது ஒரு வேற்றுமை உருபு மாதிரி. 'யாருடைய?'ன்னு கேட்டா வர்ற பதில். இவானோவ்னா இவானுடைய. மிஹாய்லோவ்னா மிஹாயிலுடைய. பெண்ணா இருந்தா 'ஓவா'ன்னு ஆகும். 1987ல ரோம்ல 2.09 மீட்டர் உயரம் தாண்டி, 2024 வரைக்கும் அசைக்க முடியாத உலக சாதனை வச்சிருந்தாங்களே ஸ்தெஃப்கா கொஸ்தாதினோவா, அவங்களும் ஃபுட்பால் கொஸ்தாதினோவும் அண்ணன் தங்கச்சி இல்லை. ரெண்டு வீட்லயும் எப்பவோ ஒரு கொஸ்தாதின் தாத்தா இருந்திருக்கார், அவ்வளவுதான்.

இப்ப டிமிடாருக்கு வருவோம். பேப்பர்ல அப்படித்தான் எழுதறாங்க. ஆனா பல்கேரியாக்காரங்க வாய்ல அது 'டார்' இல்லை. நாம 'சித்தர்'னு சொல்றோம்ல, அந்தத் 'தர்'. அழுத்தம் நடுவுல 'மீ' மேல. திமீத்தர். அவங்க 'ட', 'த' எல்லாம் பல்லுல நாக்கு தொட்டு வர்ற ஒலி, அதனால தமிழ்ல 'த' போட்டாத்தான் கிட்ட வருது. இனிமே நான் திமித்தர்னே சொல்றேன்.

அதோட 'ஓவ்' சேருது பாருங்க, அழகு அங்கதான். திமித்தர் கூட ஓவ் சேர்ந்தா திமித்தரோவ் ஆகலை. நடுவுல இருக்கற அந்தச் சின்ன 'அ' நழுவிடுது. திமித்ரோவ். நம்ம புணர்ச்சி விதியில உகரம் ஓடிப்போற மாதிரி. கூப்பிடறப்பவும் அதேதான்: 'திமித்ரே!' இவானைக் கூப்பிட்டா 'இவானே!' பல்கேரிய மொழி பழைய பெயர் வேற்றுமைகளை ஏறக்குறைய எல்லாத்தையும் விட்டுடுச்சு, விளி வேற்றுமையை மட்டும் விடலை. நமக்கு 'மகனே', 'இறைவனே' மாதிரி அவங்களுக்கு 'இவானே'. இதைச் சொன்னதும் தமிழ்ல இருந்து போனதான்னு கேப்பீங்க. இல்லை. தற்செயல். தற்செயலா இருக்கறதாலயே எனக்கு அது ரொம்பப் பிடிக்குது.

பேரோட மூலம் கிரேக்கம். தெமெத்ரியோஸ், அதாவது தெமெத்தர்ங்கற பூமித் தாய்க்கு, விளைச்சலோட தேவிக்கு உரியவன். அப்புறம் தெசலோனிக்காங்கற கிரேக்க நகரத்துல ஒரு புனிதர் அந்தப் பேர்ல இருந்தார், அவர் வழியா பால்கன் முழுக்க, அதாவது தென்கிழக்கு ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு. பல்கேரியாவுல கெயோர்கி, இவான், திமித்தர், இந்த மூணும்தான் ஆண்கள்ல ரொம்ப அதிகமா இருக்கற பேருங்க. வீட்ல செல்லமா மித்கோ, திமோ, திம்சோ. அக்டோபர் 26 அவங்க பேர் நாள். அந்த நாளுக்குப் பேரே 'திமித்ரோவ்தென்'. தென்னா நாள். திமித்தருடைய நாள். பாத்தீங்களா, அங்கயும் அந்த 'ஓவ்' உக்காந்திருக்கு! அன்னைக்கு திமித்தர்னு பேர் இருக்கற வீட்டுக்கு யாரும் கூப்பிடாமலே போகலாம், அதுதான் வழக்கம். வீட்டுக்காரர் சாப்பாடு போட்டு அனுப்பணும். பழைய காலத்துல மே மாசம் கெயோர்கி நாள்ல ஆடு மேய்க்கச் சேர்ந்த ஆளுங்களுக்கு இந்த அக்டோபர் நாள்லதான் கணக்கு முடிச்சுக் கூலி கொடுப்பாங்க. குளிர் காலம் தொடங்கற நாள்.

சரி, ஏன் இத்தனை திமித்தர்? கிரேக்கப் பேர்கள் பத்திப் பேசினப்பவே சொன்னேன், மறுபடியும் சொல்றேன். பேரன்னா பெயரன். தாத்தா பேரைச் சுமக்கறவன். தமிழ்ல அந்த உறவுக்கே அப்படித்தான் பேர் வச்சிருக்கோம். பல்கேரியாவுலயும் அதே வழக்கம், மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேர். தாத்தா திமித்தர். அவர் மகன் இவான். இவானோட மகன் மறுபடி திமித்தர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பேர் திரும்பி வந்துகிட்டே இருக்கும். இப்ப தாத்தா பேரோட முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கற குடும்பங்களும் நிறைய.

எனக்கும் எங்க தாத்தா பேர்தான். அதனால எங்கம்மா கடைசி வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதே. 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்போ வாத்தியார் பேர் கேட்டிருக்கார், அம்மா முழிச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு அத்தைதான் சொல்லியிருக்காங்க. ஒரு பேருக்குள்ள இன்னொரு மனுஷன் இருக்கார்ங்கறதை நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை, எங்கம்மா மௌனத்துல தெரிஞ்சுகிட்டேன்.

பல்கேரியாவுல முழுப் பேர் மூணு பகுதி. சொந்தப் பேர், அப்பா பேரோட ஓவ், அப்புறம் குடும்பப் பேர். பெர்படோவ் முழுப் பேர் திமித்தர் இவானோவ் பெர்படோவ். அப்பா இவான், அவரும் ஃபுட்பால் ஆடினவர். அம்மா ஹேண்ட்பால் ஆடினவங்க. நம்ம டென்னிஸ் கிரிகோரை எடுத்துக்குங்க. அப்பா பேர் திமித்தர், ஹாஸ்கோவோ ஊர்ல டென்னிஸ் சொல்லிக் கொடுத்தவர். மகன் கிரிகோர் திமித்ரோவ். 2017ல லண்டன்ல வருஷக் கடைசிப் போட்டியில ஒரு ஆட்டம்கூடத் தோக்காம ஜெயிச்சு, உலகத் தரவரிசையில 3ஆவது இடத்துக்கு வந்தார். அவருக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்த அப்பாவோட பேர் அவர் பேர்லயே இருக்கு. ஸ்டொய்ச்கோவ் இன்னும் விசேஷம்: ஹ்ரிஸ்தோ ஸ்டொய்ச்கோவ் ஸ்டொய்ச்கோவ். அச்சுப் பிழை இல்லை, ரெண்டு தடவை வரும். அப்பாவும் ஸ்டொய்ச்கோ.

அந்த ஸ்டொய்ச்கோங்கற பேர், ஸ்தோயான்ல இருந்து வந்தது. 'நில்லு, தங்கு'ன்னு அர்த்தம். குழந்தைங்க தங்காத வீட்ல, இதுவாவது நிக்கட்டும்னு வச்ச பேர். நம்ம ஊர்ல பிச்சை, குப்புசாமின்னு வச்சாங்களே, அதே தவிப்பு. ஓநாய்னு பேர் வைக்கறதும் உண்டு, வல்கோன்னு. கெட்டது எதுவும் கிட்ட வரக் கூடாதுன்னு. அந்த 94 டீம்ல தாடி வச்ச டிஃபெண்டர் த்ரிஃபோன் இவானோவை ஞாபகம் இருக்கா? ஓநாய்னுதான் ரசிகருங்க கூப்பிட்டாங்க. 2016ல ஐம்பது வயசுலயே போயிட்டார் பாவம்.

கோச் திமித்தர் பெனெவ் பத்திச் சொல்லாம விட முடியாது. பல்கேரியா அதுக்கு முன்னாடி அஞ்சு உலகக் கோப்பைக்குப் போயிருக்கு. 1962, 66, 70, 74, 86. மொத்தம் 16 ஆட்டம், ஒண்ணுல கூட ஜெயிக்கலை. அதுல 66, 70, 74 மூணுலயும் பெனெவே டிஃபெண்டரா ஆடினவர். அந்தத் தோல்வியெல்லாம் அவர் உடம்புல பட்டது. 94ல கோச்சா போறார், முதல் ஆட்டம் நைஜீரியா கிட்ட 0–3. பதினேழு ஆச்சு. அடுத்து கிரீஸை 4–0. அர்ஜென்டினாவை 2–0. மெக்ஸிகோவை பெனால்டியில. அப்புறம் ஜூலை 10, ஜெர்மனி.

அந்த ராத்திரி நான் எங்க தெருவுல ஒரு வீட்ல, கறுப்பு வெள்ளை டிவியில பாத்தேன். ஜெர்மனி ஒரு கோல் முன்னால. 75ஆவது நிமிஷம் ஸ்டொய்ச்கோவ் ஃப்ரீ கிக், சுவர் மேல ஏறி வளைஞ்சு உள்ள போச்சு. மூணே நிமிஷம். லெச்கோவ் தலையால பாய்ஞ்சு முட்டினார். எங்க வீட்டுக்காரங்க எல்லாம் ஜெர்மனி ஆதரவு. நான் மட்டும் குதிச்சேன். செமி ஃபைனல்ல இத்தாலி கிட்ட 1–2ன்னு தோத்தப்போ அழுதேன். நாலாவது இடம். ஸ்டொய்ச்கோவ் ஆறு கோல், அந்த வருஷம் ஐரோப்பாவோட சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதும் அவருக்குத்தான்.

இதுல பெனெவுக்கு இன்னொரு வலி உண்டு. கூடப் பொறந்தவர் மகன் லியுபோஸ்லாவ் பெனெவ் அந்த அணியோட பெரிய ஸ்ட்ரைக்கர். 93 நவம்பர்ல பாரீஸ்ல, கடைசி நிமிஷத்துல கொஸ்தாதினோவுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது அவர்தான். அந்தக் கோல்லதான் பல்கேரியா உலகக் கோப்பைக்கே போச்சு. ஆனா புற்றுநோய் வந்து அவரால அமெரிக்கா போக முடியலை. பிழைச்சு வந்து மறுபடி ஆடினார்.

மத்த திமித்தருங்களை வேகமா சொல்லிடறேன். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல கிரேக்க–ரோமன் மல்யுத்தத்துல தங்கம், திமித்தர் தோப்ரெவ். 1980 மாஸ்கோவுல வாலிபால் வெண்கலம் வாங்கின அணியில திமித்தர் ஸ்லதானோவ். அவர் மகன் ஹ்ரிஸ்தோ ஸ்லதானோவ், சோஃபியாவுல பொறந்து இத்தாலிக்கு ஆடினார். பெர்படோவ் பல்கேரியாவுக்கு 48 கோல், இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடினப்போ 2010 செப்டம்பர்ல லிவர்பூலுக்கு எதிரா மூணு, ரெண்டு மாசம் கழிச்சு பிளாக்பர்னுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல அஞ்சு. அவர் பந்தை நிறுத்தற அழகைப் பத்தித் தனியாவே பேசிட்டேன், இப்ப வேண்டாம்.

தம்பி இதைத்தான் கேட்டார். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு கேள்வி இருக்கு. பேர் இப்படி அப்பா, தாத்தான்னு சங்கிலியா போகுதுன்னா, ஒருத்தர் பேரை அரசாங்கம் பிடுங்கினா என்ன ஆகும்? அது நடந்திருக்கு, அதே பல்கேரியாவுல.

1984–85 குளிர் காலம். கம்யூனிஸ்ட் ஆட்சி. நாட்ல இருந்த லட்சக்கணக்கான துருக்கியர்கள் பேரை பல்கேரியப் பேரா மாத்தச் சொல்லி உத்தரவு. ஊருக்குள்ள ராணுவம். ஒரு பட்டியல் கொடுத்து இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னாங்க. இங்கதான் அந்த மூணு பகுதி வருது. மகன் பேரை மட்டும் மாத்தினா போதாதே, நடுவுல அப்பா பேர் இருக்கே. அப்பா செத்துப் போயிருந்தாலும் பதிவேட்ல அவர் பேரையும் மாத்தினாங்க. செத்தவங்களுக்குப் புதுப் பேர்! இதை முதல்ல படிச்ச அன்னைக்கு எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வந்தது. வாயால உச்சரிக்கக்கூடத் தயங்கற பேரை, யாரோ ஒரு அதிகாரி அடிச்சு எழுதறான்.

மொம்சில்கிராத் பக்கத்துல ப்திச்சார்னு ஒரு சின்ன ஊர். அங்க பொறந்த பளு தூக்கற பையன் நயிம் சுலைமானோவ். கவனிங்க, துருக்கியப் பேர், ஆனா ஓவ் இருக்கு. சுலைமானுடைய பிள்ளை. பதினாறு வயசுல தன் எடையைப் போல மூணு மடங்கைத் தலைக்கு மேல தூக்கினவன். அவனை நவும் ஷலமானோவ் ஆக்கினாங்க. 1986 டிசம்பர்ல மெல்பர்ன் போட்டி முடிஞ்சதும் குழுவுல இருந்து நழுவி, சில நாள் ஒளிஞ்சிருந்து, துருக்கித் தூதரகத்துக்குப் போயிட்டான். லண்டன் வழியா துருக்கி. அங்க நயிம் சுலைமானோலு ஆனான். ஓலுன்னா மகன்.

சியோல் ஒலிம்பிக்ஸ்ல துருக்கிக்கு ஆட பல்கேரியாவோட சம்மதம் வேணும். அதுக்குத் துருக்கி பத்து லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தது. 1988 செப்டம்பர் 20, 60 கிலோ பிரிவு. ஒரே வீச்சுல தலைக்கு மேல தூக்கற ஸ்நாட்ச்ல 152.5 கிலோ, தோள்ல நிறுத்தி அப்புறம் தூக்கற கிளீன் அண்ட் ஜெர்க்ல 190, மொத்தம் 342.5. நாலடி பத்தங்குலம் உயர மனுஷன். ரெண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் 30 கிலோ வித்தியாசம். அதுக்கப்புறம் 92லயும் 96லயும் தங்கம். 2017 நவம்பர்ல காலமானார்.

பல்கேரியாவுல 1989ல ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த வருஷமே பழைய பேரைத் திருப்பி எடுத்துக்கலாம்னு சட்டம் வந்தது. ஆனா அதுக்குள்ள மூணு லட்சம் பேருக்கு மேல எல்லை தாண்டிப் போயிட்டாங்க.

சியோல்ல அன்னைக்கு வெள்ளி வாங்கினது யார்னு சொல்லலை இல்ல? ஸ்தெஃபான் தொபுரோவ், பல்கேரியா. நயிமோட பழைய அணிக்காரர். மேடையில நயிம் சுலைமானோலு மேல் படியில, பக்கத்துப் படியில தொபுரோவ்.