மில் ஓடிக்கொண்டிருந்தது, அணியைக் கலைத்தார்கள்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட அணிகள் கூடிய இடத்தில் பேசியது)

தம்பிமாரே, பெரியவர்களே, வணக்கம்.

பஞ்சாபில் பக்வாரா என்று ஒரு ஊர். அங்கே இருந்த ஜே.சி.டி. துணி மில் 1971இல் ஒரு உதைபந்தாட்ட அணியைத் தொடங்கியது. பந்து என்றால் கல்கத்தா, விட்டால் கோவா என்றிருந்த காலத்தில், மில்லின் பெயரையே சட்டையில் போட்டுக்கொண்டு இந்தியாவின் பழம்பெரும் போட்டியான டூரண்ட் கிண்ணத்தை ஐந்து முறை தூக்கிய அணி அது. 1996இல் இந்தியாவில் தேசிய லீக் தொடங்கியதே, அதன் முதல் கிண்ணமும் இவர்களுக்குத்தான். அந்த அணியில் யார் யார் ஆடினார்கள் தெரியுமா? சிக்கிம் மலையிலிருந்து வந்த பைச்சுங் பூட்டியா, அந்த லீக்கில் ஆகக்கூடுதலாகக் கோல் அடித்தவர். அப்புறம் ஐ.எம். விஜயன். சின்ன வயதில் திருச்சூர் மைதானத்தில் மேட்ச் நடக்கும்போது சோடா விற்றவர், போத்தலுக்குப் பத்து பைசா கிடைக்குமாம். அப்படி வந்த பையன் இந்திய அணிக்கே தலைவரானார். பின்னாளில் இந்திய அணித் தலைவரான சுனில் சேத்ரியும் 2005இலிருந்து மூன்று வருடம் இந்த அணியில்தான் ஆடினார்.

சரி, இவ்வளவு பெரிய அணிக்கு என்ன ஆனது? 2011இல் லீக்கிலிருந்து கீழே இறங்கினார்கள், அதோடு கம்பனி அணியைக் கலைத்துவிட்டது. பந்தாட்டத்தால் எங்கள் பெயர் போதிய அளவு வெளியே தெரியவில்லை என்பதுதான் சொன்ன காரணம். மில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, நூல் வந்தது, துணி வந்தது, அணி மட்டும் இல்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. நாற்பது வருடம் கைதட்டிய சனத்துக்கு அந்த முடிவில் ஒரு சொல்கூட இருக்கவில்லை, ஏனென்றால் அணி கம்பனியின் சொத்து. அதற்கு முந்திய வருடம் மும்பையில் மகிந்திரா கம்பனியின் அணியான மகிந்திரா யுனைடெட்டுக்கும் இதே கதி.

லண்டனில் நடந்ததோ தலைகீழ். 1895இல் தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்ற கப்பல் பட்டறையின் முதலாளி ஆர்னல்ட் ஹில்ஸ் தன் தொழிலாளிகளுக்காக ஒரு அணி தொடங்கினார். 1900இல் அதைக் கலைத்துவிட்டு வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற பெயரில் தனிக் கம்பனியாகப் பதிந்தார்கள், பத்து ஷில்லிங் கொடுத்தால் யாரும் ஒரு பங்கு வாங்கலாம். 1912இல் பட்டறையை இழுத்து மூடினார்கள். வெஸ்ட் ஹாம் இன்றும் ஆடுகிறது, அவர்கள் சின்னத்தில் குறுக்காக இருக்கும் இரண்டு சுத்தியலும் அந்தப் பட்டறையில் தறையாணி அடித்த சுத்தியல்தான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் விளையாடும் மைதானம் தோட்டத்துடையது, ஜெர்சியும் பல இடங்களில் துரை, அதாவது தோட்ட மனேஜர், பார்த்து வாங்கிக் கொடுப்பது. நல்ல மனதோடு கொடுப்பவர்களுக்கு நன்றி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோட்டங்கள் கைமாறியதை நம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் போனது. அடுத்த துரைக்குப் பந்து பிடிக்காமல் போனால் என்ன செய்வோம்?

அதனால் கேட்கிறேன், பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்து உங்கள் கழகத்தை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். வங்கிக் கணக்கைக் கழகத்தின் பெயரில் திறங்கள். மேட்ச் கணக்கெழுதிய கொப்பியைத் தோட்டத்து ஸ்டோர் ஆபீஸில் விடாதீர்கள், செயலாளர் வீட்டில் இருக்கட்டும். பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். எந்த வருடம் யாரோடு ஆடினீர்கள், எத்தனை கோல் என்று அவர்களிடம் கேட்டு, அதே கொப்பியில் இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.