கை நடுங்காதா சார்?

(மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவர்களிடம் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் பேசியது)

வாசலில் வரவேற்கும்போதே ஒரு மாணவி கேட்டுவிட்டாள்: "கத்தியைப் பிடிச்சா கை நடுங்காதா சார்?" எழுதி வந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்கே பதில் சொல்கிறேன்.

மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் டாக்டராக ஆசைப்பட்டவர், கண் மருத்துவத்துக்கு மாறி, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு அவர் ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கையைப் பழக்கிவிடலாம், பிள்ளைகளே.

பழக நாளாகும், அவ்வளவுதான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அதற்கு மேல் அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ். படிப்பு மூன்று வருஷம். நடுவில் நுழைவுத் தேர்வு தின்னும் வருஷங்கள் தனிக் கணக்கு. எம்.எஸ். சேர்ந்த புதிதில் என் கையில் கத்தியா கொடுத்தார்கள்? ரிட்ராக்டர் என்ற வளைந்த தகட்டால் வயிற்றை அகட்டிப் பிடித்தபடி மூன்று மணி நேரம் நிற்பேன். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது.

குடல்வால், குடலிறக்கம், பித்தப்பைக் கல் — எங்கள் அன்றாடப் பிழைப்பு இவைதான். "கல்லை மட்டும் எடுங்க, பையை விட்டுடுங்க" என்று கேட்காத நோயாளி குறைவு. பையை விட்டால் மறுபடியும் கல் சேரும். அதனால் பையோடு எடுக்கிறோம். குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பெண்களுக்குக் கருக்குழாயில் கரு தங்கினாலும் அங்கேயே வலிக்கலாம். எது என்று ராத்திரி இரண்டு மணிக்கு முடிவு செய்வதுதான் கஷ்டம். அறுப்பது அதற்கப்புறம்.

ஒன்று சொல்கிறேன், எனக்குப் பெருமை தராத கதை. பயிற்சிக் காலத்தில் ஒரு பெரியவருக்குக் குடலில் ஓட்டை. தைத்து முடித்தாயிற்று, விடியப் போகிறது, வயிற்றை மூடவேண்டும். சிஸ்டர் சொன்னார்: "மாப் ஒன்பதுதான் சார் இருக்கு." ரத்தம் ஒற்றும் துணியை மாப் என்போம், கொடுத்தது பத்து.

"நல்லா எண்ணுங்க சிஸ்டர்" என்று எரிந்து விழுந்தேன்.

"மூணு தடவை எண்ணிட்டேன். பத்து வராம மூட வேணாம்."

மறுபடியும் கையை விட்டுத் துழாவினேன். மண்ணீரல் பக்கம், ரத்தத்தில் ஊறி, குடலோடு குடலாக மடிந்து கிடந்தது. அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாவதை வரிசையில் வைத்துவிட்டு, தையல் நூலை நீட்டினார்.

அப்புறம் தினமும் காலையில் அந்தப் பெரியவரிடம் ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுதா?" சிரிக்காதீர்கள்! குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதைவிட நல்ல சேதி எங்களுக்கு இல்லை. நான்காம் நாள், மருமகள் பக்கத்தில் நிற்க, மனிதர் கூசிப்போய் மெல்லத் தலையாட்டினார். "கஞ்சித் தண்ணி கொடுக்கலாம்மா" என்றேன்.