நாளைக்கும் ஒரு வேலை

(பாளையங்கோட்டையில் பணி ஓய்வு பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் என்று அறிகிறேன். பள்ளிக்கூடங்களாலேயே பெயர் பெற்ற ஊரில் அதில் வியப்பில்லை. ஓய்வூதியம் மாதந்தோறும் வங்கிக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ நிலைபெற்றுவிட்டார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், பணிக்காலம் முழுவதும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளி வாசலில் நின்ற ஒருவர், ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே சோர்ந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். தாம் வராவிட்டால் நின்றுபோகும் என்று சொல்லத்தக்க ஒரு வேலை அவருக்கு இல்லாமல் போய்விட்டது. வாழ்வின் குறிக்கோள் என்று இன்று நான் பேசப்போவது இந்த அளவில் சிறிய, கைக்கெட்டும் ஒன்றைப் பற்றித்தான்.

ஜப்பானின் மியாகி மாகாணத்தைச் சேர்ந்த ஓசாகி பகுதியில், 40 முதல் 79 வயது வரை உள்ளவர்களிடம், வாழ்வதற்கு ஒரு பிடிப்பு உண்டா என்று 1990களில் கேட்டார்கள். ‘இக்கிகை’ என்று அவர்கள் வழங்குவது அதைத்தான். விடையளித்த 43,391 பேரை ஏழாண்டுகள் கவனித்து, 2008ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ‘இல்லை’ என்றவர்கள் இறக்கும் வாய்ப்பு, ‘உண்டு’ என்றவர்களுக்கு இருந்ததைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; வயதையும் பழைய நோய்களையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் கொண்ட பின்னரும் அந்த வேறுபாடு நீங்கவில்லை. இதயம், இரத்தக்குழாய் தொடர்பான இறப்புகளில் அது தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் இறப்புகளில் அப்படித் தெரியவில்லை. கடைசிச் செய்தியை வேண்டுமென்றே சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் மனம் வைத்தால் எந்த நோயும் பறந்துவிடும் என்று முழங்குவோர் இதை விட்டுவிடுவார்கள்.

சிகாகோ நகரின் ஆய்வு இதைவிட நுட்பமானது. இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குத் தர இசைந்த முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, அவர்களுள் 246 பேரின் மூளைகளைப் பற்றிய முடிவை 2012இல் வெளியிட்டார்கள். அல்சைமர் நோய்க்குரிய புரதப் படிவுகள் குறிக்கோள் மிகுந்தவர்களின் மூளையிலும் இருந்தன. ஆயினும் அதே அளவு படிவு உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால், வாழ்ந்த காலத்தில் இவர்களின் நினைவும் சிந்தனையும் மெதுவாகவே குறைந்திருந்தன. நோய் வந்தது; அதைத் தாங்கும் வலு கூடியிருந்தது.

உடல் நலமாக இருப்பவருக்குத்தானே குறிக்கோளும் இருக்கும், எது முந்தியது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மேற்கண்டவை போன்ற ஆய்வுகள் உடனிருப்பதைக் காட்டுமே தவிர, காரணத்தை முழுதாக நிறுவா. இதற்கு ஓரளவு விடை தருவது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த முயற்சி. அறுபது வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்குப் படிப்பில் துணைபுரிய வைத்தார்கள். யார் செல்வது, யார் செல்லாதிருப்பது என்பதைக் குலுக்கல் முறையிலேயே முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பள்ளிக்குச் சென்ற ஆண்களிடம், முதுமையில் சுருங்கும் நினைவுக்குரிய மூளைப் பகுதி சுருங்காமல் இருந்தது. அந்தப் பயன் நடந்து சென்றதால் வந்ததா, நாலு பேரோடு பழகியதால் வந்ததா, பயனுள்ளவராக உணர்ந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். என் கருத்தில், பிரிக்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் நின்றுகொண்டு வ.உ.சி.யை நினையாமல் இதைப் பேச இயலாது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவரை 1908இல் சிறையிலடைத்துக் கோவையில் செக்கிழுக்க வைத்தார்கள். கண்ணனூர்ச் சிறையிலோ அவர் உடனிருந்த கைதிகளுக்காக அறநூல் எழுதிக்கொண்டிருந்தார். 1912இன் இறுதியில் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, வழக்கறிஞர் உரிமம் இல்லை, கையில் பணமும் இல்லை. பின்னரும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் வேலையைக் கைவிடவில்லை. 1936இல் தூத்துக்குடியில், தம் 64ஆம் வயதில், கடனோடுதான் மறைந்தார். குறிக்கோள் அவருக்கு வசதியையோ நீண்ட ஆயுளையோ தரவில்லை. ஆனால் கப்பல் போன பிறகு ஏட்டைப் பற்றிக்கொண்டார். உங்களுடைய முதல் வேலை அரசாணைப்படி முடிந்தது. இரண்டாவது வேலைக்கு எந்த அரசாணையும் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் தட்டை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும், மகன் என்ஜினியராக வேண்டும் என்று குறிக்கோளைத் தெளிவாகச் சொல்வார்கள். அது அவர்களை நிமிர்த்தி வைத்திருப்பது உண்மை. அதற்காகக் கழுத்து வலியும் புகையிலைத் தூளும் அவர்களை விட்டுவிடுவதில்லை. கூலி உயர்வும் மருத்துவமும் கேட்பவரிடம் குறிக்கோளைப் பற்றிப் பிரசங்கம் செய்வது அநீதி.

நிறைவாக, இங்கே வந்துள்ள பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ‘ஒங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம், சும்மா இருங்க’ என்று அன்பினால்தான் சொல்கிறீர்கள். அந்த அன்பு ரேஷன் கடையையும் மின்கட்டணத்தையும் தென்னைக்குத் தண்ணீர் விடுவதையும் ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறது. அவற்றில் உடம்புக்கு ஏற்றதை அவரிடமே விட்டுவையுங்கள். பேரப்பிள்ளையின் கணக்குப் பாடத்தை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பார்க்கும் பொறுப்பைத் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ கொடுங்கள். ஆனால் ஒப்புக்குக் கொடுக்காதீர்கள். அவர் பார்க்காத நாளில் அந்தக் கணக்கை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது.